கரிசல் பாதைகளும் பிரயாணச் செய்தியும்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பிரயாணிகள் அங்கே தவித்தார்களெனினும், பெரும் விபத்தினின்றும் தப்பினார்கள். வண்டி போவதற்கு முன் பாதையின் செய்தி போக வேண்டுமென்பது ரயில்வேயில் பழைய விதி. சாலையில் செல்வோருக்கோ அத்தகைய விதி இன்றளவும் இல்லை.

புதியம்புத்தூரில் தைக்கப்படும் ஆயத்த ஆடைகள் சாலை வழியாகவே வெளியூர் சென்றாக வேண்டும். கரிசல் மண்ணின் சுபாவத்தை நம்மவர் அறிவர். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், மேலே போட்ட தார் ஓரம் இற்று, நடுவில் அலை அலையாய் எழும்பும். மேற்கே எங்கோ பெய்த மழை ஓடையில் திரண்டு வந்து தரைப்பாலத்தை மூடும்போது, நீர் முழங்காலளவோ இடுப்பளவோ என்றறியாமலே டிரைவர் வண்டியை இறக்குகிறார். கைப்பேசியின் வரைபடம் குறுக்கு வழியைக் காட்டுமேயன்றிச் சேற்றைக் காட்டாது. ஓடும் வண்டிகளின் வேகத்தைக் கொண்டே அது சாலையின் நிலையை ஊகிக்கிறது. மணிக்கு இரண்டு வண்டி போகும் பாதையில் ஊகிக்க என்ன இருக்கிறது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. 2015-ல் மத்திய சர்க்கார் 'மேரி சடக்' என்ற செயலியையும், 2023-ல் மாகாண நெடுஞ்சாலை இலாகா 'நம்ம சாலை' என்ற செயலியையும் ஏற்படுத்தின. ஆயினும் இவை குடிகளின் புகாரை மேலே அனுப்பும் சாதனங்கள். மேலிருந்து டிரைவருக்குச் செய்தி கீழே வர வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்திலும் கரிசல் பூமி உண்டு. அங்கே வெள்ளத்தால் மூடப்பட்ட சாலைகளை சர்க்காரே இணையத்திலும் டெலிபோனிலும் அறிவிக்கிறது. தரைப்பாலங்களின் ஓரத்தில் ஆழங் காட்டும் அளவுகோல்கள் நிற்கின்றன.

இங்கே முட்டுக்கட்டை யந்திரமன்று, பொறுப்பே. கிராமச் சாலைகள் பல ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பெரிய சாலை நெடுஞ்சாலை இலாகாவினுடையது. அபாய அறிவிப்போ கலெக்டர் கையில். பாதை அடைபட்டதென்று சொல்லத் துணிந்தவர் பிறகு பழிக்கு ஆளாவார் என்ற அச்சமும் உத்தியோகஸ்தர்களுக்கு உண்டு. (வக்கீல் தொழிலில் நாம் கண்டது இது.) ஓடையில் நீர் வருவதை முதலில் காண்பவர் அவ்வூர் கிராம உதவியாளர், அவர் சொல்லை ஏற்று உடனே அறிவிக்க ஜில்லாவில் ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரமளிக்க வேண்டும். ஒரு பகுதியிலுள்ள கைப்பேசிகளுக்கெல்லாம் ஏககாலத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையை மத்திய சர்க்கார் 2023-லேயே சோதித்தது. அவ்வருஷ வெள்ளத்தில் பல ஊர்களில் கைப்பேசித் தொடர்பே அறுந்ததால், திருநெல்வேலி வானொலியும் அச்செய்தியைச் சொல்ல வேண்டும்.

அளவுகோல் நடுவதற்கு இவை எதற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் தாலுகாவிலுள்ள தரைப்பாலங்கள் ஒவ்வொன்றிலும் அதை நட, ஒட்டப்பிடாரம் ஒன்றியத்தார் பணம் ஒதுக்கும்படி கோருகிறோம்.