ஆயில் பாக்கலாமா சார்?

பொங்கலுக்கு மெட்ராஸ்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க கரும்பு கேப்பாங்க, மல்லாட்டை கேப்பாங்க. இந்தத் தடவை என் மச்சினன் வரும்போதே ஒன்னு கொண்டுவந்தான்: காருக்குப் பின்னாடி நீலப் புகை.

என்னடா இதுன்னு கேட்டேன். திண்டிவனம் தாண்டி டீக்கு நிறுத்தியிருக்கான். பக்கத்துல ஒருத்தர் வந்து, "ஆயில் பாக்கலாமா சார்?" என்று பானெட்டைத் திறக்கச் சொல்லியிருக்கார். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினால் நுனியில மட்டும் கொஞ்சம் ஈரம். "இப்படியே போனா விழுப்புரம் போய்ச் சேராது சார்." பயந்துபோய் ஒரு லிட்டர் ஊத்தச் சொல்லிட்டான். விக்கிரவாண்டி டோல் தாண்டினதுமே வண்டி மந்தமா இழுக்க ஆரம்பிச்சிருக்கு.

அந்த ஆள் ஏமாத்தினார்னு நான் சொல்லமாட்டேன். ஏமாத்தணும்னா கம்பியை முழுசா உள்ளே இறக்காமல் எடுத்தாலே போதும், குறைச்சலாத்தான் காட்டும். ஆனால் நேர்மையான ஆள் பார்த்திருந்தாலும் அங்கே தப்பாத்தான் காட்டியிருக்கும். மூணு மணி நேரம் ஓடின என்ஜின். ஓடும்போது ஆயில் மேலே ஹெட் வரைக்கும் ஏறி எல்லா இடத்திலும் பரவி நிக்கும். நிறுத்தின உடனே பார்த்தால் அது கீழே தொட்டிக்கு இறங்கியிருக்காது. குறைஞ்சது அஞ்சு, பத்து நிமிஷம் விடணும். டீயைக் குடிச்சு முடிச்சிட்டுப் பார்த்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இன்னொன்னு, ரோட்டோரம். மழைத்தண்ணி ஓடணும்னு ரோட்டு ஓரத்தைச் சரிவாத்தான் போடுவாங்க. காரில் உக்காந்திருந்தா தெரியாது. பத்தடிக்கு அரையடி சரிவுன்னு வைங்க. தொட்டியோட நடுவுல இருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி கம்பி இறங்குதுன்னா, அந்த இடத்துல ஆயில் மட்டம் ஏழெட்டு மில்லிமீட்டர் மாறிடும். பல கார்களில் கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லிட்டர். கம்பியில அது ரெண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆயில் அப்படியேதான் இருக்கும், ஆனா பாதி ரொம்பினது காலியாத் தெரியும். சரிவு எதிர்ப்பக்கம் இருந்தால் காலியானது பாதி ரொம்பினதாத் தெரியும். ரெண்டாவதுதான் ஆபத்து. அதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ரொம்ப வருஷம் முன்னாடி, கரண்டு சரியா வராத கோடை. மல்லாட்டை போட்டிருந்தேன், டி.எம்.வி. 7. (டி.எம்.வி.ன்னா திண்டிவனம்தான். அங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம்.) செடிக்கு 45 நாள் ஆகி விழுது இறங்குற நேரம். அப்போ மண்ணுல ஈரம் இல்லன்னா விழுது உள்ளே போகாது, காயும் பிடிக்காது. வாய்க்கா வரப்புல ஆயில் இன்ஜினை வச்சு ராத்திரி தண்ணி பாய்ச்சினேன். கம்பியைப் பார்த்தேன், மேல்கோட்டுல நின்னுச்சு. சந்தோஷமாப் படுத்துட்டேன். இன்ஜின் ஒரு பக்கமா ஈரமண்ணுல அமுங்கி இருந்ததை டார்ச் வெளிச்சத்துல கவனிக்கலை. விடியக்காலை மூணு மணிக்குச் சத்தம் நின்னுபோச்சு. பேரிங் உருகி கிராங்க் பிடிச்சிக்கிச்சு. சரி பண்ணி வர எட்டு நாள். அந்தக் கொல்லையில அந்த வருஷம் விதைச்ச செலவுகூட வரலை. கம்பி பொய் சொல்லலை, சாஞ்சு நின்ன இன்ஜின்ல நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அதனால மச்சினனை ராத்திரியே காரைக் கொண்டுபோய் ஊர்க் களத்துல நிறுத்தச் சொன்னேன். நெல் காயவைக்கப் போட்ட சிமெண்ட் களம், எங்க ஊர்ல அதைவிட மட்டமான தரை கிடையாது. அதுவும் ஓரத்துல வாட்டம் இருக்கும், நடுவுலதான் நிறுத்தணும். காலையில ஸ்டார்ட் பண்ணாமலே பார்த்தோம். பழைய வேட்டித் துணியில துடைச்சு (பனியன் வேஸ்ட் வேணாம், நூல் ஒட்டிக்கும்), அடி வரைக்கும் அழுத்தி, மெதுவா எடுத்தோம். ரெண்டு பக்கமும் பாருங்க. கம்பி குழாய்ச் சுவரை உரசி ஒரு பக்கம் இழுவிக் காட்டும். குறைவாக் காட்டுற பக்கம்தான் நிஜம். அந்தக் குறைஞ்ச பக்கத்திலேயே மேல்கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட ஒரு விரற்கடை!

கூட இருந்தா நல்லதுதானே மாமான்னான். நல்லதில்லை. மட்டம் ஏறினால் கிராங்க் அதுல அடிச்சு, தயிர் கடையிற மாதிரி நுரையாக்கிடும். நுரைக்கு வழவழப்பு கிடையாது. மீதி ஆவிக் குழாய் வழியா எரியிற இடத்துக்குப் போகும், நீலப் புகை அதனாலதான். டீசல் வண்டியில அளவு மீறினால் அந்த ஆயிலையே குடிச்சுக்கிட்டு, சாவியை எடுத்தாலும் நிக்காமல் ஓடுற அபாயம் உண்டு. மாட்டுக்கு மருந்து ஊத்துற சிரிஞ்சுல ஒரு சலைன் டியூபை மாட்டி, கம்பி போற குழாய் வழியாவே உறிஞ்சி எடுத்தோம். 800 மில்லி வந்துச்சு. அதாவது ஊத்தறதுக்கு முன்னாடி அவன் வண்டியில தேவையான அளவு ஆயில் இருந்திருக்கு.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை உண்டு. "சர்வீஸ்ல பாத்துப்பாங்க" என்கிறீங்க. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா சர்வீஸ், நடுவுல யார் பார்ப்பா? "லைட் எரியுமே" என்கிறீங்க. டேஷ்போர்டுல அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கிற அந்தச் சிவப்பு லைட் காட்டுறது ஆயில் அழுத்தத்தை, அளவை இல்லை. அது எரியிற நேரம் பம்ப் காத்தை இழுக்க ஆரம்பிச்சிருக்கும், உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தணும். பி.எம்.டபிள்யூ.வில் பல மாடல்களுக்கு இப்போ கம்பியே கிடையாதாம், திரையில காட்டுமாம். எனக்கு அது பிடிக்கலை. கம்பியில அளவு மட்டுமா தெரியுது? பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஊத்தாமலே மட்டம் ஏறி டீசல் வாடை அடிச்சா, டீசல் இறங்குது. ஆனா கறுப்பா இருக்குன்னு மட்டும் பயப்படாதீங்க, டீசல் வண்டியில சீக்கிரமே கறுத்துடும்.

சூடாப் பாக்கணுமா, ஆறின பிறகான்னு வண்டிக்கு வண்டி மாறும், கூட வந்த புத்தகத்துல போட்டிருப்பான். குறைஞ்சிருந்தா கால் லிட்டர் ஊத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பாருங்க.

மச்சினன் திரும்பிப் போகும்போது திண்டிவனத்துல அதே கடையில டீ குடிச்சானாம். அதே ஆள் வந்து, "ஆயில் பாக்கலாமா சார்?" என்றாராம். "பத்து நிமிஷம் ஆகட்டுங்க, நானே பாக்குறேன்" என்று சொல்லியிருக்கான். அவர் அடுத்த காருக்குப் போயிட்டார்.