சிறுபறைக்கு ஒரு பேணி, சிறுதேருக்கு ஒரு பெட்டி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடபகுதியில் மழை பிடித்துக்கொண்டால் முற்றம் வெள்ளக்காடாகிவிடும். பெரியவர்களுக்கு அது வயலும் கிணறும் நிறையும் காலம். அண்மையில் நடை பழகிய குழந்தைக்கோ அது சிறைக்காலம். ஒரு வயதைத் தாண்டி இரண்டு வயதை எட்டாத பிள்ளை ஓரிடத்தில் இருப்பதில்லை. அது ஓடும், இழுக்கும், கவிழ்க்கும், எறியும். தாய் அடுப்படியில் நிற்கிறாள். அம்மம்மாவுக்கோ குனிந்து நிமிர முடியாத முழங்கால் வலி. தந்தையார் வேலைக்குப் போய்விட்டார். இந்நிலையில் கைத்தொலைபேசி ஒன்று குழந்தையின் கைக்கு வந்து சேருவது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பிள்ளை அடங்கிவிடுகிறது, சமையலும் முடிந்துவிடுகிறது. அவ்வாறு செய்யும் தாயின்மீது நாம் குற்றஞ் சுமத்த முன்வரவில்லை. அவளுக்கு வேறு வழி உண்டா என்பதே நமது கேள்வி.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை பார்க்கும் நேரம் எதுவும் வேண்டாம் என்றும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது. இவ்வயதினர் நாள் முழுவதிலுமாகக் குறைந்தது 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்பதும் அதன் அறிவுரை.

மழை பெய்யும் நாளில், ஓர் அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீட்டில், மூன்று மணித்தியால விளையாட்டுக்கு எங்கே போவது? விளையாட்டுப் பொருள் வாங்கலாமெனின், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பால்மா வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று மனம் நோகும் தாய்மார் உளர். அவர்களுக்காகவே இவ்வாரம் எழுதுகின்றோம். இவ்வயதுப் பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்கள் அனைத்தும் அவர்தம் அடுக்களையிலேயே இருக்கின்றன.

பிள்ளைத்தமிழ் காட்டும் வழி

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நம் மாணவர்கள் தேர்வுக்கு மட்டுமே படிக்கின்றனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களை ஒப்புவிப்பர். பின்னர், ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் கூறி முடிப்பர். இப்பருவங்களை 3 ஆம் மாதம் தொடங்கி 21 ஆம் மாதம் வரை வைத்து எண்ணும் மரபும் உண்டு. அம்மாதக் கணக்கைச் சற்று உற்று நோக்குக. வருகைக்குப் பின் வருவன யாவும் பிள்ளை முதலாண்டைக் கடந்த பின்னர் நிகழ்வன. நடத்தல், நிலவை அழைத்தல், வீடு கட்டுதலும் அழித்தலும், பறை முழக்கல், தேர் உருட்டல், நீரில் அளைதல் ஆகியனவே நாம் இன்று பேசவந்த வயதின் விளையாட்டுகள். முருகனையும் மீனாட்சியையும் குழந்தையாக்கிப் பாடிய குமரகுருபரர் போன்ற புலவர்கள், வீட்டுக் குழந்தைகளைக் கண்ணாரக் கண்டே பாடினர் என்பது தெளிவு.

அப்பருவங்களில் வரும் விளையாட்டுக் கருவிகள் மணல், சிறு பறை, சிறு தேர், வானத்து நிலவு ஆகியவையே. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் அருகே ஒருவர் நின்று, "வருக" என்கிறார், "முழக்குக" என்கிறார், "எம் சிற்றிலைச் சிதையாதே" என்று கெஞ்சுகிறார். பொருள் எளிது, அருகிருக்கும் ஆளே அரிது. இதனை மனத்திற் கொண்டு, அப்பருவங்களின் வழியே நம் வீட்டு விளையாட்டுகளை வகுத்துக்கொள்வோம்.

வருகை

நடை பழகும் பிள்ளைக்கு நடப்பதே விளையாட்டு. விறாந்தையில் ஒரு பாய், அதனை அடுத்து ஒரு தலையணை, பின் ஒரு சுத்தமான சாக்கு, பின் மடித்த சேலை என வரிசையாக இடுக. மறுமுனையில் இருந்து கைகளை நீட்டி அழைக்க. பாதம் ஒவ்வொன்றின் மென்மையையும் சொரசொரப்பையும் உணரும். பிள்ளை விழும், எழும், மீண்டும் வரும். இரண்டு கதிரைகளுக்கு மேலே ஒரு போர்வையை விரித்துவிட்டால் அது குகையாகிவிடும். அதனுள் தவழ்ந்து மறுபுறம் வெளிப்படுவதைப் பிள்ளை பத்து முறையானாலும் சலிக்காமற் செய்யும்.

அம்புலி

முகிலிடையே மறைந்து வெளிப்படும் நிலவு குழந்தையைக் கவர்வது ஏன்? மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்னும் உண்மையை அது அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) தம் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் நாடோறும் உற்றுநோக்கி இவ்வளர்ச்சியை விரிவாக விளக்கினார். அவர் செய்த சோதனைகளை நாமும் வீட்டில் விளையாட்டாகச் செய்யலாம். இரண்டு சிறு சருவங்களைக் கவிழ்த்து, பிள்ளை பார்த்திருக்க, ஒன்றின் கீழ் ஒரு கரண்டியை ஒளித்து வைக்க. பிள்ளை அதனை எடுத்துவிட்டால், அடுத்த முறை மற்றைய சருவத்தின் கீழ் வைக்க. முதல் வயதை எட்டாத பிள்ளை பழைய இடத்திலேயே தேடும். சில மாதம் சென்றபின் புதிய இடத்துக்கே நேரே கை நீட்டும். அந்த மாற்றத்தை ஒரு தாய் தன் கண்ணாற் காண்பது சிறிய இன்பமன்று.

சிற்றில்

வெறுமையான பால்மாப் பேணிகள், தேயிலைப் பெட்டிகள், ஒன்றினுள் ஒன்று அடங்கும் ஓலைப்பெட்டிகள் ஆகியன இதற்குப் போதும். தாய் மூன்று பேணியை அடுக்க, பிள்ளை தட்டி விழுத்தும். "குழப்படி செய்கிறான்" என்று கடிந்துகொள்ள வேண்டா. சிற்றிற் பருவத்தில் வரும் குழந்தைத் தலைவனும் அழிப்பவனே ஆவான். இவ்வயதினர் முதலில் அழிப்பர், பின்னரே கட்டுவர். ஒன்றரை வயதளவில் தாமே ஒன்றன்மேல் ஒன்றை வைக்கத் தொடங்குவர்.

இடுதலும் கொட்டுதலும் சிற்றிலின் மற்றொரு பகுதி. ஒரு சிறு கடகத்தில் மர அகப்பை, விளிம்பு தேய்த்து மழுக்கிய சிரட்டை, மூக்குப்பேணி, நீத்துப்பெட்டி, தோடம்பழம், பட்டுத்துண்டு என ஆறு ஏழு பொருள்களை இட்டு முன்னே வைக்க. எலினோர் கோல்ட்ஷ்மிட் (1910–2009) என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர், இருக்கப் பழகிய குழந்தைக்கு இவ்வாறு வீட்டுப் பொருள்களை நிரப்பிக் கொடுக்கும் முறையைப் 'புதையற் கூடை' என்று அழைத்தார். அருகிலிருக்கும் பெரியவர் இடையிடாமல் அமைதியாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த முதன்மையான நிபந்தனை. நமக்கோ அதுவே கடினம். அகப்பையைத் தலைகீழாகப் பிடித்தால் உடனே திருத்த நம் கை நீளும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்வதே பெற்றார் பயில வேண்டிய பாடம்.

சிறுபறை

பேணியைக் கவிழ்த்து ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துவிட்டால் பறை தயார். அருகே ஒரு மரப்பலகையையும் ஒரு பித்தளைத் தட்டையும் வைத்தால் மூன்று ஒலிகள் பிறக்கும். நாம் மெல்லத் தட்டினால் பிள்ளையும் மெல்லத் தட்டுகிறதா, நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்துகிறதா என்று பார்க்க. கேட்டு நிற்பதும் தன் முறைக்குக் காத்திருப்பதும் உரையாடலின் அடிப்படை. சொல் வருமுன்னரே பிள்ளை அதனைப் பறையிற் பயில்கிறது. அயலவருக்கு ஓசை தொல்லையாகுமெனின் பேணியின்மேல் ஒரு துணியைக் கட்டிவிடலாம்.

சிறுதேர்

நம் ஊர்ச் சிறுவர் பனங்காய் வண்டில் உருட்டியதைப் பெரியவர்கள் அறிவர். சிறு குழந்தைக்குக் கடையிலிருந்து வந்த கடதாசிப் பெட்டியே தேர். அதனுட் கரடிப்பொம்மையையோ இரண்டு உருளைக்கிழங்கையோ இருத்தித் தள்ளச் செய்க. சில நிமிடங்களில் பிள்ளை தானே தேரில் ஏறிக்கொள்ளும், இழுப்பவர் நாமாவோம். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய விலையுயர்ந்த பொம்மை அலுமாரியின்மேல் இருக்க, அது வந்த பெட்டியோடு பிள்ளை விளையாடுவதைப் பலரும் கண்டிருப்பர். பொம்மை ஒன்றை மட்டுமே செய்யும். பெட்டியோ பிள்ளை விரும்பிய அனைத்துமாகும்.

நீராடல்

ஓர் அகன்ற பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு பேணி, ஒரு வடி ஆகியன போதும். கீழே ஒரு பழந்துணியை விரித்துவிடுக. தண்ணீர் பேணியில் நிற்பதும் வடியில் நில்லாமையும் பிள்ளைக்குப் பெரும் புதுமை. பெரியவர் ஒருவர் எழுந்து செல்ல நேரின் பிள்ளையையும் உடன் தூக்கிச் செல்க. விளையாட்டு முடிந்தவுடன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுக. சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது.

இவற்றுடன் வீட்டு வேலையையும் சேர்த்துக்கொள்க. நம் நாட்டிற் பாலர் பாடசாலையையே 'மொண்டிசோரி' என்று அழைக்கின்றோம். 1907 இல் உரோமாபுரியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் முறையிற் பிள்ளைகள் நீர் வார்த்தனர், கூட்டினர், மேசை துடைத்தனர். வெங்காயத்தை ஒரு பெட்டியிலும் உருளைக்கிழங்கை மறுபெட்டியிலும் பிரித்து வைக்கும் பிள்ளை பயில்வதும் அக்கல்வியே.

எச்சரிக்கைகள்

இவ்வயதுப் பிள்ளை எதனையும் வாயாற் சோதிக்கும். ஆதலால், 3 சென்றிமீற்றர் அளவினும் சிறிய பொருள் எதுவும் கைக்கு எட்டலாகாது. புளியங்கொட்டை, நிலக்கடலை, கடலை, மணி, சில்லறைக் காசு, பொத்தான் ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கவல்லன. மணிக்கூட்டிலும் ஒலிக்கும் பொம்மைகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலம் யாவற்றினும் கொடியது. அது தொண்டையிற் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழிக்க. பிள்ளை அதனைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. பொலித்தீன் பைகளையும் நீண்ட கயிறுகளையும் விளையாட்டிற் சேர்க்க வேண்டா.

எவ்வளவு நேரம்?

ஒரு விளையாட்டு ஐந்து நிமிடம் நீடித்தாலே நன்று. அதற்குமேல் பிள்ளை எழுந்து போனால் அதனை இழுத்து இருத்த வேண்டா. எல்லாப் பொருளையும் ஒரே நாளிற் பரப்பாமல், சிலவற்றை எடுத்து ஒளித்து வைத்து அடுத்த வாரம் வெளியே எடுத்தால் அவை புதியனவாகிவிடும். பிள்ளை கையில் எடுக்கும் பொருளின் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லுக: "அகப்பை", "பேணி", "தண்ணீர்". அது மழலையில் ஏதேனும் சொன்னால், மறுமொழி கூறுக. இவ்வயதிற் சொற்கள் ஒவ்வொன்றாய் வந்து, இரண்டு வயதளவில் இரண்டு சொற்கள் இணைகின்றன. திரையில் வரும் பாட்டு எத்துணை இனிதாயினும், பிள்ளை சொன்னதற்கு அது மறுமொழி கூறாது. திரையைப் பார்த்தபடி உண்ணும் பிள்ளை, தான் உண்பது புட்டா இடியப்பமா என்பதையும் அறியாமலே விழுங்குகிறது.

நாள் முழுவதும் பிள்ளையோடிருக்கத் தாய் ஒருத்தியால் இயலாது. ஆதலால், தந்தையரையும் மூத்த பிள்ளைகளையும் நாம் வேண்டிக்கொள்கின்றோம். மாலையில் வீடு திரும்பும் தந்தையார் கால்மணி நேரம் தரையில் அமர்ந்து பறை கொட்டுவதால் அவர் மதிப்புக் குறைந்துவிடாது. பிள்ளைத்தமிழைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர், புத்தகத்தை மூடிவைத்துத் தம் தம்பி தங்கையரோடு சிறிது நேரம் சிற்றில் விளையாடினால், பத்துப் பருவங்களும் மனனஞ் செய்யாமலே மனத்தில் நிற்கும்.

பிள்ளையின் இரண்டாவது ஆண்டு ஒரே ஒரு முறைதான் வரும். நாளைக் காலையிலேயே அடுக்களையின் கீழ்த்தட்டு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கூரியனவும் உடைவனவும் மேலே போகட்டும். இரண்டு பேணி, ஓர் அகப்பை, ஒரு சிரட்டை, ஓர் ஓலைப்பெட்டி ஆகியன கீழே இருக்கட்டும். தாய் சமைக்கும் வேளையில் பிள்ளையும் அங்கே தன் சமையலை நடத்திக்கொண்டிருக்கும். இடையிடையே அது தலைநிமிர்ந்து பார்க்கும். அப்போது ஒரு முறை அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கறியைக் கிளறலாம்.