வெண்மணல் சாம்பலாவது ஏன்?



விடுமுறை நாட்களில் குடும்பத்தாருடன் கடற்கரைக்குச் சென்று வருவதும், வீடு திரும்பியபின் எடுத்த படங்களை அனைவரும் கூடியமர்ந்து காண்பதும் நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. அவ்வேளையில் எழும் குறைகளும் வீட்டுக்கு வீடு ஒன்றுபோலவே இருக்கக் காண்கிறோம். "வெள்ளை வெளேரென்றிருந்த மணல் படத்தில் ஏன் இப்படிச் சாம்பல் பூத்திருக்கிறது?" என்று உம்மா வினவுவார். "அந்தி வானத்தில் அத்தனை நிறமிருந்ததே, ஒன்றையும் காணோமே!" என்பார் வாப்பா. கடல் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதைச் சுட்டிப் பிள்ளைகள் நகைப்பார்கள். இறுதியில் பழி முழுவதும் காமிராவின் தலையில் விழும். விலையுயர்ந்த வேறொன்றை வாங்கினால் குறை தீரும் என்ற எண்ணமும் பிறக்கும்.

பணத்தைச் செலவிடுமுன் ஓர் உண்மையை அறிந்துகொள்ளுங்கள். நம் கண் பார்ப்பதுபோல் காமிரா பார்ப்பதில்லை. கண், வெளிச்சத்தில் சுருங்கியும் நிழலில் விரிந்தும், கண்டதை மூளையின் துணைகொண்டு சமன்செய்துகொள்கிறது. காமிராவோ நொடியின் சிறு பகுதியில் ஓர் அளவான ஒளியை வாங்கிக்கொண்டு கதவை மூடிவிடுகிறது. ஆகவே எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்னும் தீர்ப்பை நாமே வழங்க வேண்டும். அத்தீர்ப்பைக் கருவியிடமே விட்டுவிடும்போதுதான் மேற்கூறிய குறைகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

மணலின் வெண்மை

காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரேயுள்ள காட்சி நடுத்தரமான சாம்பல் நிறத்துக்கு ஒப்பானது என்ற கணக்கிலேயே இயங்குகிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருளை நடுத்தரம் எனக் கொள்வது புகைப்படக் கலையில் நெடுநாளைய வழக்கு. வீடு, தெரு, மரம், மக்கள் எனக் கலந்து கிடக்கும் காட்சிகளுக்கு இக்கணக்குப் பொருந்தும். ஆனால் உலர்ந்த வெண்மணலும் அலையின் நுரையும் அதைவிட மிகுதியான ஒளியைத் திருப்புகின்றன. அதைக் காணும் காமிரா, ஒளி அளவுக்கு மீறிவிட்டதென்று முடிவுகட்டித் தானாகவே குறைத்துவிடுகிறது. வெண்மணல் சாம்பலாவதன் காரணம் இதுவே.

கண் கூசும் வெயிலில் ஒளியைக் குறைப்பதல்லவா முறை என்று உங்களுக்குத் தோன்றலாம். அவ்வாறன்று, இங்கே கூட்ட வேண்டும். கூட்டல், கழித்தல் குறியிட்ட திருகு உங்கள் காமிராவில் இருக்குமாயின், அதைக் கூட்டல் பக்கமாக முக்கால் முதல் ஒன்று வரை நகர்த்துங்கள். பெரும்பாலான கைபேசிகளில் திரையைத் தொட்டவுடன் சூரியனைப் போன்ற சிறு குறி தோன்றும். விரலால் அதை மேலே தள்ளினால் மணல் வெளுக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்றைய டிஜிட்டல் கருவிகளில், முற்றிலும் வெளுத்துப்போன பகுதியிலிருந்து பின்னர் எதையும் மீட்க இயலாது. இருண்ட பகுதியிலிருந்தோ ஓரளவு மீட்கலாம். கலர் நெகடிவ் பிலிமில் பழகியவர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். அங்கே ஒளி சற்று மிகுந்தாலும் படம் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் கெடும். எனவே மணல் வெளுக்கும்வரை கூட்டுங்கள். நுரையின் நெளிவுகள் மறையத் தொடங்குமுன் நிறுத்துங்கள்.

வானமும் கடலும்

அடுத்த இடர், ஒளிமிக்க வானத்தையும் அதைவிட இருண்ட நீரையும் ஒரே படத்தில் அடக்குவது. இது இன்று நேற்று தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கையாளப்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்பவை. கடலுக்குப் போதுமான ஒளியைக் கொடுத்தால் வானம் வெறுமையாகிவிடும். பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்களில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்துக்கென ஒரு தகடு, கடலுக்கென மற்றொரு தகடு என எடுத்து, இரண்டையும் அடிவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். தென்பிரான்சின் சேத் நகரில் 1857இல் அவர் எடுத்த பேரலைப் படம் இம்முறையில் அமைந்ததே.

இன்று கைபேசியில் 'எச்.டி.ஆர்.' என்னும் வசதி, வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாக்குகிறதே, அது லெ கிரேயின் வழியைப் பின்பற்றியதுதான் எனலாம். அவ்வசதியை முடுக்கி வையுங்கள். அது இல்லாத கருவியாயின், வானத்தை அளவாக வைத்து ஒளியைக் கொடுத்து, கடல் இருளட்டும் என்று விட்டுவிடுங்கள். கருநிழலாய்த் தெரியும் தோணியும் அழகே.

குடும்பத்தாரை நிறுத்தும்போது திசையையும் எண்ணிப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். காலையில் கடலைப் பின்னணியாக்கி நின்றால் முகங்கள் இருண்டுபோகும். மாலையில் அதே இடத்தில், நிலத்தின் பக்கமிருந்து வரும் ஒளி முகங்களின்மீதும் அலைகளின்மீதும் நேராக விழும். கோழிக்கோடு போன்ற மேற்குக் கரை ஊர்களில் இது தலைகீழாக அமையும். கீழக்கரையைப் போலக் கடல் தெற்கே உள்ள ஊர்களில் காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் மணலின் மேடுபள்ளங்கள் நிழலின்றித் தட்டையாகின்றன. நிழல் நீளத் தொடங்கினால்தான் காற்று வரைந்த வரிகளும் காலடிச் சுவடுகளும் உருப்பெறும். நிழலின் நீளத்தைக்கொண்டே அஸர் நேரத்தைக் கணிக்கும் மரபுடைய நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. அஸர் தொழுகைக்குப் பின் கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் வழக்கம் படமெடுப்பதற்கும் ஏற்றதே. நேரம் செல்லச் செல்ல ஒளி பொன்னிறமாகும். தாழ்ந்த கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகையில் நீலம் சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளும் எஞ்சுவதால் இந்நிறம் உண்டாகிறது.

அந்த நிறத்தைக் கருவி திருத்திவிடும் என்பதே இங்குள்ள இடர். 'ஒயிட் பேலன்ஸ்' தானியங்கி நிலையில் இருந்தால், மஞ்சள் மிகுந்துவிட்டதாகக் கருதி அதைக் குறைத்துவிடும். வாப்பா தேடிய அந்தி நிறம் காணாமற்போனது இவ்வாறும் இருக்கலாம். அதை 'வெயில்' என்னும் நிலையில் நிறுத்திவையுங்கள். கண்ட நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பின்னர் நிறத்தை மிகைப்படுத்தும் பொத்தான்களை அழுத்தி, கடலை மைப்புட்டியாகவும் வானத்தைக் குங்குமமாகவும் ஆக்கிவிட வேண்டாம். கண்டவர் 'இது நம் ஊர்க் கடல்' என்று அறிந்துகொள்ள வேண்டும்.

பகலில் வானின் நீலத்தை ஆழமாக்க 'போலரைசிங் ஃபில்டர்' உதவும். கதிரவன் உங்கள் தோளின் பக்கவாட்டில் இருக்கையில் அதன் பயன் மிகுதி. நேர் எதிரிலோ முதுகுப் பின்னாலோ இருந்தால் பயன் குறைவு. நீரின் பளபளப்பையும் அது நீக்கும். ஈரமணலில் வானத்தின் பிம்பம் வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிடுங்கள்.

மஃரிப் தொழுகைக்குச் சென்றுவிட்டால் நல்ல ஒளி தவறிவிடுமோ என்று எவரும் கவலையுற வேண்டாம். நம் பகுதியில் கதிரவன் மறைந்தபின் ஏறத்தாழ 20 நிமிடங்கள் வரை வானில் நிறமும் ஒளியும் தங்கியிருக்கும். தொழுது வந்தபின்னும் நீலம் கவிந்த கடலை எடுக்கலாம். அவ்வேளையில் கை அசைந்தால் படம் கலங்குமாதலால் முக்காலியிலோ மதிற்சுவரிலோ கருவியை ஊன்றிவையுங்கள். கிழக்குக் கரையில் இருப்போர் மறைந்த உடனேயே கடல் பக்கம் திரும்பிப் பார்த்தால், தெளிந்த நாட்களில் அடிவானத்தில் ஒரு சாம்பல்நீலப் பட்டையும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். கீழே இருப்பது பூமியின் நிழல். பலரும் மேற்கையே நோக்கி நிற்பதால் இவ்வழகு கவனிப்பாரின்றிப் போகிறது.

படத்தின் அமைப்பு

முதலில் அடிவானம் நேராக இருக்கட்டும். கைபேசியின் திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து அவற்றோடு பொருத்திக்கொள்ளுங்கள். அடுத்து, அக்கோடு படத்தை நடுவே இரண்டாக வெட்ட வேண்டாம். வானம் சிறப்பாக இருந்தால் அதற்கு மூன்றில் இரு பங்கு இடம் கொடுங்கள். மணலும் நீரும் சிறப்பாக இருந்தால் அவற்றுக்குக் கொடுங்கள். இதுவும் ஒரு தீர்ப்பே.

கடல் பரந்தது, அதனாலேயே படத்தில் வெறுமையாகத் தோன்றுகிறது. அருகில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் தொலைவு விளங்கும். கரையில் ஏற்றிய வள்ளம், உலரும் வலை, திரும்பும் அலை விட்டுச்சென்ற நீர்க்கோடு, ஒரு சங்கு, இவற்றில் ஒன்று போதும். குனிந்து, முழந்தாளளவு உயரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். அலையை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமாயின் ஷட்டரின் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கோ அதனினும் விரைவாகவோ இருக்கட்டும். திரும்பும் நீர் இழைஇழையாகத் தெரிய வேண்டுமாயின் அரை நொடி வரை திறந்துவையுங்கள். இதற்கு முக்காலி இன்றியமையாதது. அதன் கால்களை மணலில் நன்கு அழுத்தி ஊன்றியபின்னரே எடுங்கள்.

லென்சில் மணல் பட்டால் முதலில் ஊதிப் போக்குங்கள். துணியால் துடைத்தால் கீறல் விழும். கடற்காற்றின் உப்பு மெல்லிய திரைபோல் படியும். படம் மங்கலாகத் தெரிந்தால் இதையும் கவனியுங்கள்.

கடற்கரை பலருக்கும் பொதுவான இடம். பெண்கள் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பாதிருப்பதும், வலை இழுக்கும் தொழிலாளரைப் படமெடுக்குமுன் அவரிடம் இசைவு கேட்பதும் நம் கடமையாகும்.

இன்றைய கரை நாளை இராது

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். கரை நிலையானதன்று. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கரை அரிபட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை ஓரிரவில் அழித்தது. அவ்வூர் எவ்வாறிருந்தது என்று அறிய இன்று எஞ்சியிருப்பவை இடிந்த தேவாலயம் போன்ற சில சுவர்களும் பழைய படங்களுமே. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலான கரைகளில் செய்ததை நம் இல்லங்கள் மறக்கவில்லை.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்க் கரையில் அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிவாசல் மினாராவோ கலங்கரை விளக்கமோ ஒரு மூலையில் தெரியட்டும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து, பின்புறம் நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள். கைபேசியோடு விட்டுவிடாமல் தாளில் அச்சிடுங்கள். கடல் எவ்வளவு உள்ளே வந்தது, மணல் எவ்வளவு குறைந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கும் நாளில், அந்த ஆல்பம் உங்களுக்காகப் பேசும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வீட்டுக்குள் சன்னல் ஒளியில் படமெடுப்பது பற்றிக் காண்போம்.