கடலைப் பார்க்க எமக்கும் ஓர் இடம்



இம்முறை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் கடற்கரைக்குப் போய், எந்த வேலையும் இல்லாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தது கடைசியாக எப்போது? மீன் வாங்கப் போனதைக் கேட்கவில்லை. கருவாடு காயவைக்கப் போனதையோ, மகனைத் தேடிப் போனதையோ கேட்கவில்லை. சும்மா இருக்கப் போனதைத்தான் கேட்கிறேன்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எங்கள் ஊர்கள் ஒன்றோடொன்று தோள் முட்டிக்கொண்டு கடலோரமாகவே கிடக்கின்றன. மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் நெருக்கமாக வீடுகள். திறந்த வெளி என்று எமக்கு இருப்பது கடற்கரை ஒன்றுதான். ஆனால் அஸருக்குப் பிறகு அங்கே போய்ப் பாருங்கள். மணலில் பந்தடிப்பவர்கள் பையன்கள். தோணி ஓரத்தில் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆண்கள். பெண்கள் வருவது பெருநாளைக்கு, குடும்பத்தோடு. அல்லது கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடியேற்றும் நாட்களில். அந்த நாட்களில் எங்கள் பெண்கள் அங்கே தாராளமாக நடமாடுவார்கள். கொடி இறங்கியதும் நாமும் வீட்டுக்குள் இறங்கிவிடுவோம்.

சில காலத்துக்கு முன், எங்கள் பகுதியில் கடற்கரைப் பூங்கா அமைப்பது பற்றிய ஒரு கூட்டத்துக்கு எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள். ஆறு பேர் போனோம். பின்வரிசையில் கதிரை தந்தார்கள். சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. பெரிய வளைவு வாசல், நீர்த்தாரை, வாகனத் தரிப்பிடம், சிற்றுண்டிக் கடைகள், சிறுவர் ஊஞ்சல். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. முடிவில், “பெண்கள் பக்கத்திலிருந்து ஏதும் அபிப்பிராயம் உண்டா?” என்று கேட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்தோம். நான் எழும்பி, “நல்ல திட்டம், நன்றி” என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். ஊரில் வாயாடி என்று பெயரெடுத்த எனக்கே அன்று வேறு சொல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு ராத்தாவிடம் விபரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி மகள், கக்கூசு எங்க இரிக்கி?”

நான் யோசித்துப் பார்த்தேன். வரைபடத்தில் அது எங்கும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை ராத்தா கேட்டதுதான் என்னை உலுக்கியது. ஏனென்றால் அவர் கடற்கரைக்குப் போகிறவர் அல்லர். 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போன அவரது கணவர் திரும்பி வரவில்லை. 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் அவரது இளைய மகளையும் வீட்டையும் சேர்த்துக் கொண்டு போனது. அதன் பின் அவர் கடல் இருக்கும் பக்கம் முகம் திருப்பியதே இல்லை. “நான் போற எண்டு இல்ல புள்ள, சும்மா கேட்டன்” என்றார். கடலைப் பார்க்கவே மறுத்த ஒரு பெண்ணுக்கு, அங்கே போகும் பெண்ணுக்கு என்ன தேவை என்று தெரிந்திருந்தது. கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

சகோதரிகளே, கொழும்புக் காலிமுகத்திடலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடலோர நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்வதாக அவர் அதில் பொறித்து வைத்தார். அவர் நினைத்த சீமாட்டிகள் துரைமாரின் வீட்டுப் பெண்கள்தாம். மீன் விற்கும் பெண்ணையோ நெசவு நெய்யும் பெண்ணையோ அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் இன்று அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. இறால் வடை தின்றுகொண்டு, பட்டம் விடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்த ஊர்ப் பெண்ணும் உட்காரலாம். கடலோர வெளி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது என்று நூற்றறுபது வருடங்களுக்கு முன்பே இந்த நாட்டில் கல்லில் எழுதியிருக்கிறார்கள். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

“வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இதில் பூங்கா ஒரு கேடா?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது எங்கள் உடம்பு. கிளினிக்குக்குப் போனால் சீனி வருத்தம், பிரசர் என்று துண்டு எழுதித் தருகிறார்கள். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? பிரதான வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும். ஒழுங்கைக்குள் நடந்தால், “என்னகா, எங்க போறீங்க?” என்று வீட்டுக்கு வீடு விசாரணை.

இரண்டாவது எங்கள் உயிர். சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். இந்தக் கரையில் 13 முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. அக்குடும்பங்களில் ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருந்தனர். பெண்களில் நூற்றுக்கு 17.5 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததாகவும் அந்த ஆய்வு சொல்கிறது. எமக்கு நீந்தத் தெரியாது. கடல் உள்வாங்கினால் அது என்ன அறிகுறி என்று தெரியாது. எந்த ஒழுங்கையால் மேற்கே ஓடுவது என்றும் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து கடலை அறியாமல் வளர்ந்தோம். எங்கள் பெண்பிள்ளைகளாவது கடலோடு பழகி, அதன் குணம் அறிந்து வளர வேண்டாமா?

அந்த வாரமே சங்கத்தில் கூடிப் பேசினோம். பேசினால் போதாது, போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எட்டுப் பேர், மூன்று நேரங்களில் போனோம். சுபஹுக்குப் பின் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு நாள், மஃரிபுக்குப் பின் ஒரு நாள். பாண்டிருப்பிலிருந்து ஓர் அக்காவும் வந்தார். போரில் ஒரு காலை இழந்தவர், ஊன்றுகோலோடு நடப்பவர். கண்டதையெல்லாம் கொப்பியில் எழுதினோம்.

காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இழுக்க நீண்ட வெறும் மணல் வேண்டும், தோணி ஏற்ற இடம் வேண்டும், வாடி வேண்டும். பூங்கா என்று சொல்லி இவர்களைத் தள்ளிவிட்டால் எங்களில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாது. ஆகவே முதலாவதாக அதை எழுதினோம். பூங்கா வாடிக்கு அயலாக இருக்கட்டும், வாடியின் மேல் வேண்டாம்.

அஸருக்குப் பின் போனபோது உட்கார இடமில்லை. பாண்டிருப்பு அக்காவின் ஊன்றுகோல் மணலில் புதைந்தது. இருபது அடி நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. “கடல் சத்தம் கேட்டிருக்கு, கிட்டப் போய் எத்தனை வருசம்” என்றார் அவர். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் போகக்கூடிய கெட்டியான பாதை, அலைக்குக் கொஞ்சம் கிட்டே வரைக்கும். அது இரண்டாவது.

மஃரிபுக்குப் பின் ஒரு விளக்கும் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். போர்க்காலத்தில் இருட்டினால் கடற்கரை எமக்கு இல்லை. போர் 2009இல் முடிந்தது. இருட்டுக்கு மட்டும் இன்னும் முடிவில்லை.

பெண்களுக்கென்று தனியாகச் சுவர் கட்டிய பகுதி வேண்டுமா என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சிலர் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் வீட்டில் விடுவார்கள் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு. ஆனால் சுவர் பெண்ணை மறைப்பது போல அவளுக்கு நேரும் ஆபத்தையும் மறைத்துவிடும் என்றேன் நான். கடைசியில் இடுப்பளவு உயரச் செடிவேலி, அதற்குள் பெண்கள் வட்டமாக இருக்கக்கூடிய இருக்கைகள், பாய் விரிக்க நிழல், பக்கத்திலேயே வுழுச் செய்யத் தண்ணீரும் தொழ இடமும் என்று உடன்பட்டோம்.

ஐரோப்பாவிலுள்ள வியன்னா நகரில் நடந்தது எமக்கு இதில் உதவியது. 1990களின் நடுப்பகுதியில் அங்கே பூங்காக்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகளின் வரவு குறைந்தது. பையன்களின் வரவு குறையவில்லை. பூங்கா ஒரே பெரிய மைதானமாக இருந்தது. இடத்துக்குப் போட்டி வந்தபோது பெண்பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள். பின்னர் இரண்டு பூங்காக்களைத் திருத்தி, நடைபாதைகள் போட்டு, வொலிபோல், பட்மிண்டன் விளையாட இடம் விட்டு, பெருவெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அங்கே நம் சமயமும் இல்லை, நம் வழக்கமும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒதுங்கிய கதை நம் கதைதான்.

இன்னொன்றையும் எழுதினோம். நீர்த்தாரைக்கும் கொங்கிறீட் தளத்துக்கும் மணலைச் சீவாதீர்கள் என்று. மணல் கரையோரமாக ஓடிக்கொண்டே இருப்பது. குறுக்கே கட்டினால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றதை நாமே கண்டோம். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும்தாம் மணலைப் பிடித்து வைப்பவை. அவற்றை வெட்டாமல் அவற்றுக்குப் பின்னால் பூங்காவை அமைக்கட்டும். ஆபத்து வந்தால் எந்த வழியால் மேற்கே ஓடுவது என்று பெரிய எழுத்தில் பலகை நாட்டட்டும். வெளியேறும் வாசல் அகலமாக, பல இடங்களில் இருக்கட்டும்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படித் திட்டம் வரலாம். கூட்டத்தில் என்னைப் போல நன்றி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கரையிலிருந்து உள்ளே 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி உண்டா என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, திட்டத்தின் வரைபடத்தையும் செலவு விபரத்தையும் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் அதைப் பதிந்துகொள்ள வேண்டியது அலுவலரின் கடமை. தனியாகப் போகப் பயமென்றால் சங்கமாகப் போங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை.

எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது. மலசலகூடமும் விளக்குகளும் திட்டத்தில் சேர்க்கப்படும், ஏனையவை பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். பரிசீலனை என்ற சொல்லை நாம் வாழ்நாள் முழுதும் கேட்டவர்கள். மீண்டும் போவோம்.

ஒன்று மட்டும் நடந்தது. போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நாங்கள் புறப்பட்டபோது எதிர்வீட்டு ராத்தாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒழுங்கை முடியும் இடம் வரை வந்தார். அங்கே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அவரது வீடு இருந்த இடம் அதற்குச் சற்று முன்னால்தான். கவிழ்த்து வைத்த ஒரு தோணியில் பாண்டிருப்பு அக்கா அவருக்கு இடம் விட்டார். இருவரும் பேசவில்லை.

திரும்பும்போது ராத்தா சொன்னார்: “அந்த இடத்துல ஒரு மரம் நட்டா நல்லம் மகள். வெயில் கண்ணுல குத்துது.”

அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். நீங்களும் உங்கள் ஊர்க் கடற்கரையில் என்ன வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.