சாமி கும்பிடாதவரையும் மதம் விடாதது ஏன்?

"எனக்கு சாமி நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனா, வீட்டுக்காக..."

இந்த வரியை ஒருமுறையாவது சொல்லாத நாத்திகர் தமிழ்நாட்டில் அபூர்வம். 'வீட்டுக்காக' என்பதற்குப் பின்னால் வருவது நெற்றியில் வைத்த திருநீறாக இருக்கலாம், கட்டிய தாலியாக இருக்கலாம், புகை கண்ணைக் கரிக்க கிரகப்பிரவேச ஹோமத்தின் முன் உட்கார்ந்த இரண்டு மணி நேரமாக இருக்கலாம்.

இதைக் கேட்டால் நம்பிக்கை உள்ளவர், "பார்த்தியா, கடைசியில சாமிகிட்டதான வந்த" என்பார். தீவிர நாத்திகர், "உனக்குத் துணிச்சல் இல்ல" என்பார். இருவருமே அந்த மனிதரின் மனசுக்குள்தான் காரணத்தைத் தேடுகிறார்கள். காரணத்தில் பெரும்பகுதி வெளியே இருக்கிறது. லீவு நாள், பத்திரப்பதிவு, கல்யாணச் சட்டம், சொத்துப் பங்கு, சுடுகாடு என்று எங்கெல்லாம் அரசும் குடும்பமும் நம்மைத் தொடுகின்றனவோ அங்கெல்லாம் மதம் உட்கார்ந்திருக்கிறது. நம்பிக்கையை யாரும் அனுமதி கேட்காமல் விட்டுவிடலாம். மற்றதை விட சட்டம் வழி தர வேண்டும். அந்த வழி இந்தியாவில் பாதிதான் திறந்திருக்கிறது.

காலண்டர் யாரையும் கேட்பதில்லை

சின்ன விஷயங்களில் இருந்து வருவோம். ஃப்ளாட் வாங்குபவருக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். விற்பவருக்கு இருக்கும். அதனால் திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை அட்வான்ஸ் பணம் கைமாறாது. முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் முட்டும் என்பதால் பதிவுத்துறையே அன்று கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. அரசு அலுவலகம் மதச்சார்பற்றதுதான். ஆனால் அதன் டோக்கன் எண்ணிக்கையைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது.

கல்யாண மண்டபமும் அப்படியே. ஆடியிலும் மார்கழியிலும் பேரம் பேசலாம், வைகாசி முகூர்த்தத்தில் சொன்னதுதான் விலை. ஆடியில் கல்யாணம் குறைவு, ஜவுளி விற்பனை டல். அதனால்தான் ஆடித் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியில் ஜீன்ஸ் வாங்கும் பகுத்தறிவாளரும் ஒரு மத நம்பிக்கையின் லாபத்தைத்தான் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார்.

பங்குச்சந்தையில் பணம் போடுபவர்களுக்குத் தெரிந்த உதாரணம், தீபாவளி 'முகூர்த்த டிரேடிங்'. லட்சுமி பூஜை நாளில் ஒரு மணி நேரம் மட்டும் சந்தை திறக்கும். மும்பை பங்குச்சந்தையில் 1957-ல் இருந்து இது நடக்கிறது. அல்காரிதம் வைத்து வர்த்தகம் செய்பவருக்கும் அன்று அந்த ஒரு மணி நேரம்தான். மகாவீர் ஜெயந்தி அன்று சென்னையில் இறைச்சிக் கடை மூடியிருக்கும், மிலாது நபி அன்று டாஸ்மாக் மூடியிருக்கும். 'நான் எந்த மதமும் இல்லைங்க' என்று ஷட்டரைத் தட்டிப் பயன் இல்லை.

இதில் எல்லாம் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போவதும், கிறிஸ்துமஸ் கேக் சாப்பிடுவதும், ரம்ஜான் பிரியாணிக்குக் காத்திருப்பதும் சந்தோஷமான விஷயங்கள். சாமி இல்லை என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒருவர் சுண்டலை மறுக்க வேண்டியதும் இல்லை. சிக்கல் கையெழுத்துப் போடும் இடத்தில் ஆரம்பிக்கிறது.

சுயமரியாதைத் திருமணமும் இந்து சட்டத்துக்குள்தான்

புரோகிதர், மந்திரம், அக்னி எதுவும் இல்லாமல் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் இணையராக ஏற்பதாக அறிவித்து மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ போதும். அது சட்டப்படி செல்லும் திருமணம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் திருத்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், பிரிவு 7-ஏ. பிரிவின் வாசகப்படி இரண்டு இந்துக்களுக்கு இடையில்தான் இந்தத் திருமணம் நடக்க முடியும். அதாவது, மதச் சடங்கே வேண்டாம் என்று கல்யாணம் செய்யும் இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நாத்திகரும் இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகரும் காதலித்தால் இந்தக் கதவு மூடிவிடும். இருவருக்குமே சர்ச்சும் வேண்டாம், கோயிலும் வேண்டாம் என்றாலும்கூட.

அவர்களுக்கு இருப்பது 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் எதுவாக இருந்தாலும், இல்லாவிட்டாலும் இதில் பதிவு செய்யலாம். நல்ல சட்டம்தான், ஆனால் ஒரு முள் இருக்கிறது. கல்யாணம் செய்யப்போவதாக முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்யும் ஜோடிக்கு அந்த 30 நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கோயிலில் தாலி கட்டினால் இந்தக் காத்திருப்பு கிடையாது. அதனால்தான் சாமி நம்பிக்கையே இல்லாத பல ஜோடிகள் ஏதாவது ஒரு கோயில் வாசலில் போய் நிற்கிறார்கள். அதைப் பக்திக் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை.

சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவை இல்லை, வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்யும் ஜோடிகளுக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு. பயன் பெறுவது மட்டும் இரண்டு 'இந்துக்கள்'.

சொத்து வரும்போது மதம் வரும்

'இந்து' என்றால் சட்டத்தில் யார்? இந்து திருமணச் சட்டமும் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்கின்றன. இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் தவிர, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்ற எல்லோருக்கும் பொதுவாக இந்தச் சட்டங்கள் பொருந்தும். கோயில் பக்கமே போகாதவரும் இந்த 'மற்ற எல்லோரில்' அடக்கம். இதில் ஒரு வேடிக்கை. இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகர் 'ஹெச்.யூ.எஃப்' எனப்படும் இந்து கூட்டுக் குடும்பத்தின் பெயரில் தனி பான் கார்டு வாங்கி வரியை மிச்சப்படுத்தலாம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த நாத்திகர்களுக்கு அது கிடையாது. மூவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: எதுவும் இல்லை.

முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது வரிச் சலுகையோடு முடிவதில்லை. தனிநபர் சட்டப்படி உயிலில் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விருப்பப்படி எழுத முடியும். மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஒரே மகள், மகன் இல்லை என்றாலும் அவளுக்குப் பாதிச் சொத்துதான், மீதியில் மற்ற உறவினர்களுக்கும் பங்கு. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண், தான் மத நம்பிக்கையை விட்டவர், தனக்கு ஷரியத் சட்டத்துக்குப் பதில் 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர் கேட்பது யாருடைய மதத்தையும் மாற்றச் சொல்லி அல்ல. தன் சொத்தைத் தன் மகளுக்குத் தரும் உரிமை, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் என்ன விலை?

பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை வந்துவிட்டது. 2000-ல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. 'காலியா விட்டா ஆன்லைன் ஃபார்ம் ஏத்துக்காது' என்ற பதில் கவுன்ட்டரில் கிடைப்பது தனிக்கதை. திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் பல ஆண்டுகள் அலைந்து 2019-ல் 'சாதி, மதம் அற்றவர்' என்ற சான்றிதழை வாங்கியபோது அது தேசியச் செய்தியானது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிக் கேட்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்க அரசாணை பிறப்பிக்குமாறு தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் எல்லோராலும் இதை வாங்க முடியுமா? 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்கிறது. எந்த மதமும் வேண்டாம் என்பவர் என்ன ஆவார் என்பதற்கு அந்த வாசகத்தில் நேரடிப் பதில் இல்லை. அம்பேத்கரைப் படித்து, சாதியைத் தாங்கி நிற்பது மதம்தான் என்ற முடிவுக்கு வந்த ஒரு தலித் இளைஞர் அந்த முடிவைச் சான்றிதழில் எழுதினால் தன் பிள்ளைகளின் இடஒதுக்கீட்டைப் பணயம் வைக்கிறார். 'மதமற்றவர்' சான்றிதழ் இப்போதைக்கு, அதை இழப்பின்றி வாங்க முடிந்தவர்களுக்கான பொருள்.

பெயரும் ஒரு சான்றிதழ்தான். முஸ்லிம் பெயர் கொண்ட ஒருவர் தொழுகையை நிறுத்திப் பத்து வருடம் ஆகியிருக்கலாம். வாடகை வீடு தேடும்போது ஹவுஸ் ஓனருக்கு அந்தப் பெயர் போதும். இந்தப் பக்கம் வெறுப்பு, அந்தப் பக்கம் கோபம் என இரண்டும் வரும். கோவையில் 2017 மார்ச்சில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஒரு இளைஞர், தன் நாத்திகக் கருத்துகளுக்காகக் கொலை செய்யப்பட்டார்.

பூஜை அறை யார் பொறுப்பு?

நாத்திகம் வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கணவர் நாத்திகர் என்றால் "அவர் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு மனைவி விளக்கேற்றுவார். விரதம், படையல், குலதெய்வப் பயணத்துக்கு டிக்கெட், மாமனார் திவசத்துக்குச் சமையல் எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். அவருடைய நாத்திகத்தை வீட்டில் ஒருவர் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார். இலையில் வடை விழும்போது அவரும் உட்கார்ந்துவிடுவார், அது வேறு.

மருமகள் நாத்திகர் என்றால்? தாலியைக் கழற்றி வைத்தால் தெரு முழுக்கக் கேள்வி. பொட்டு இல்லாமல் ஆபீஸ் போனால் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" மாதவிலக்கு நாளில் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது என்ற விதி, பூஜை அறைப் பக்கம் போகவே விரும்பாத பெண்ணுக்கும் பொருந்தும். கறுப்புச் சட்டை போட்ட ஆணுக்குக் கிடைக்கும் 'கொள்கைக்காரர்' பட்டம் அவளுக்குக் கிடைப்பதில்லை, 'அடங்காதவ' என்பதுதான் கிடைக்கும்.

இறந்த பிறகு யார் முடிவு?

கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவரும் முன்னாள் எம்.பி.யுமான எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பரில் 95 வயதில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்பது அவர் வாய்மொழியாகச் சொன்ன விருப்பம் என்றார் மகன். அப்படிச் சொல்லவில்லை, கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள்களில் ஒருவர். அஞ்சலிக்கு வைத்த இடத்திலேயே தள்ளுமுள்ளு. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, டிவிஷன் பெஞ்ச் என்று ஏறி, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மகளின் மனுவைத் தள்ளுபடி செய்தது. நான்கு மாதங்கள். வாழ்நாள் முழுக்க ஒரு கொள்கையோடு பொதுவாழ்வில் இருந்தவருக்கே இந்த நிலை.

அந்தக் கொள்கையை வீட்டில் இருவருக்கு மட்டும் சொல்லி வைத்த சாதாரண மனிதருக்கு? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உடல்தானத்துக்குப் பதிவு செய்யலாம். ஆனால் இறந்த பிறகு உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் உறவினர்கள். "அவர் எழுதிக் கொடுத்தார் சரி, ஊர் என்ன சொல்லும்?" என்று அவர்கள் நினைத்தால் தாரை தப்பட்டையோடு சுடுகாடுதான். உடல்தானமோ சடங்கில்லா அடக்கமோ வேண்டும் என்பவர்கள் அதை எழுத்தில் சாட்சிகளோடு வைத்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுவது நல்லது. சண்டை வருவதாக இருந்தால் உயிரோடு இருக்கும்போதே வரட்டும்.

சட்டத்தில் செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் நோட்டீஸை எடுத்துவிடுவது. மதம் வேண்டாம் என்று எழுதித் தருபவருக்கு, எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தச் செய்வது. சாதி ஒடுக்குமுறைக்கான இடஒதுக்கீட்டை மதக் கட்டத்தில் இருந்து பிரிப்பது. மூன்றாவதுதான் கடினம், அதில் அரசியல் அதிகம். முதல் இரண்டுக்கும் மனசு இருந்தால் போதும்.

'இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், இவர்களுக்காகச் சட்டமா?' என்ற கேள்வி வரும். 2011 கணக்கெடுப்பில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம், மக்கள்தொகையில் 0.24 சதவீதம். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். மதம் பற்றிய கேள்விக்கு, பதில் சொல்பவர் சொல்வதைத்தான் கணக்கெடுப்பாளர் எழுத வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கதவைத் திறந்து எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லப்போவது அப்பாதான்.