மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு என்ன கூலி?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். மற்றவர்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கோ உளுந்துக் காட்டுக்கோ போயிருப்பார்கள். அந்த முதியவர்களுக்குச் சுகரும் பிரஷரும் வாசலிலேயே பார்த்து, மாதாமாதம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார் ஒரு பெண். அவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. தகுதியான விருதுதான். பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையம் போக முடியாமல் மாத்திரையை விட்டுவிட்டவர்கள் பக்கவாதத்தில் படுத்த கதை இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு.

ஆனால் விருதுக்கு நடந்த கால்களுக்கு என்ன கிடைத்தது? 2021-இல் திட்டம் தொடங்கியபோது மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 273 ரூபாய். கண்மாயில் 17 நாள் மண் வெட்டியவருக்கு, முழுக் கூலி கிடைத்திருந்தால், இதைவிடக் கூடுதல். தொகை பின்னர் உயர்ந்தாலும், அது இன்னும் ஊக்கத்தொகைதான், ஊதியம் இல்லை.

சில மணி நேர வேலைதானே என்பார்கள். காட்டு வேலைக்குப் போனவரைப் பார்க்க அந்தி சாய்ந்த பிறகுதான் போக வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவரிடம் ஐந்து நிமிடத்தில் எழுந்துவர முடியாது. பகுதிநேர வேலையென்றே வைத்துக்கொண்டாலும், மணிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிப்பதில் என்ன தடை?

தீப்பெட்டித் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருப்பது மாநில அரசுதான். அதைக் கொடுக்காத முதலாளியை அதிகாரி கேள்வி கேட்கலாம். அரசே வேலை வாங்கும் இடத்தில் யார் கேட்பது?

இவர்களைப் போல அரசுத் திட்டங்களில் வேலை செய்யும் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தில் வீடு வீடாகச் சென்று சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தது, 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரித்தான்.

தமிழ்நாட்டுப் பெண்கள் அப்படித் தெருவில் உட்காரும்வரை அரசு காத்திருக்கக் கூடாது. இது மாநிலத்தின் சொந்தத் திட்டம். டெல்லியின் அனுமதி தேவையில்லை. அடுத்த பட்ஜெட்டிலேயே இவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் அறிவிக்க வேண்டும்.