சித்தம் பிறர் வசமோ?

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், புக்கிட் ரோத்தான் தொடங்கி, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை வரையில், மனோவசியம் என்றதும் ஜனங்கள் நினைப்பது ஒன்றுதான்: விசேஷ ஆற்றல் பெற்ற ஒருவன் பார்வையாலோ மந்திரத்தாலோ பிறனுடைய சித்தத்தைப் பறித்துத் தன் ஏவலுக்கு ஆட்படுத்துவான் என்பதே அது. இந்த அபிப்பிராயம் பொய்யானது. உழைத்துண்ணும் குடும்பங்களின் பணத்தைக் கரைப்பதால் கொடியதுமாகும்.

மெஸ்மர் என்ற வைத்தியர் பரப்பிய காந்தத் திரவக் கொள்கையை, மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஸ்காட்லாந்து ரணவைத்தியர் ஜேம்ஸ் பிரெய்டு 1840-களிலேயே பரீட்சித்து நிராகரித்தார். ஒரு பொருளின்மேல் கண்ணையும் கருத்தையும் இடையறாது ஊன்றுவதாலேயே மனோவசிய நிலை சித்திக்கிறது, ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்கு எந்தச் சக்தியும் பாய்வதில்லை என்று அவர் வாதித்ததோடு, 1844-இல் தம்மை வாட்டிய வாதநோயின் வேதனை தணியத் தம்மைத் தாமே அந்நிலைக்கு உட்படுத்தியும் கொண்டார். வசியக்காரன் என்று ஒருவனே இல்லாத அவ்விடத்தில், யார் சித்தத்தை யார் பறித்தது?

மான்செஸ்டர் வரை நாம் போகவும் வேண்டியதில்லை. வாரக்கணக்கில் விரதமிருந்து, உறுமி மேளமும் 'வேல் வேல்' முழக்கமும் சூழ நின்று, அலகு குத்தும்போது முகம் சுளிக்காமல், பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுகிற தோட்டத்துப் பிள்ளையை ஆண்டுதோறும் பார்க்கிறோமே! முருகன் அருளை நான் மறுக்கவில்லை. பிறர் பக்தியை அளக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆயினும் அந்த விரதமும் திடநம்பிக்கையும் ஏகாக்கிர சிந்தையும் அவன் தானே வருந்திச் சம்பாதித்தவை. எவனும் அவனுக்கு விற்றவை அல்ல.

அப்படியிருக்க, பரீட்சைக்கு நடுங்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போமோ என்னும் மந்திரவாதி வீட்டுக்கும், 'மாஸ்டர்' என்று பலகை மாட்டியவர் வாசலுக்கும் நடந்து, சம்பளப் பணத்தைக் கொட்டுவது என்ன நியாயம்? ஆழ்மனத்துக்குக் கட்டளையிட்டால் நீரிழிவே நீங்கும் என்று மேடையேறிப் பேசுவோர் செய்வதோ பச்சைத் துரோகம். தன்னைத் தானே மனோவசிய நிலைக்கு உட்படுத்தும் பயிற்சியால் வலியும் அச்சமும் ஓரளவு தணியக்கூடும். இரத்தத்துச் சர்க்கரைக்கு மருந்தும் பத்தியமுமே கதி, அதற்குத் தஞ்சோங் காராங்கில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது.

அந்தப் பயிற்சியின் செய்முறை எளிது. வீட்டுச் சந்தடி அடங்கியபின் சாய்ந்து அமர்ந்து, சுவரில் ஒரு புள்ளியை நோக்கி, மூச்சை மெல்ல விட்டு, இமை தானே மூடும்போது அங்கங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நாளைய பரீட்சையில் நிதானமாக எழுதுவதை மனத்தில் கண்டு, அதையே சிறு வாக்கியமாகச் சிலமுறை சொல்லிக்கொண்டு, ஐந்து வரை எண்ணிக் கண் திறந்தால் போதும். நடுவே யாரேனும் கதவைத் தட்டினால் எழுந்துபோய்த் திறக்கவும் தடையில்லை. பெற்றோர்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுக்கொடுங்கள். காசு கேட்பவனிடம் அவர்களை அழைத்துப் போகாதீர்கள்.